பக்கத்து மாவட்டத்து இடி

மேசை மேல் இருந்த போன் அதிர்ந்து, வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

எடுத்தேன். படித்தேன். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் வருகைப் பதிவேட்டைத் தூக்கி வைத்தேன்.

போன வருடம், கத்திரி வெயில் நாட்களில் ஒரு பிற்பகல். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டுகிறேன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, எனக்கு இல்லை. மின்விசிறி, கூரையில் சேர்ந்திருந்த சூட்டையெல்லாம் இறக்கி என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. வெளியே கொடிக்கம்பத்தின் நிழலில் ஒரு நாய், கம்பம் அளவுக்கே தன்னை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்தது.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் அடுத்த நிமிடமே அதை ஊர் முழுக்க அனுப்புகிற ஆள் நான். அன்று அனுப்பவில்லை. போனில் எச்சரிக்கை வரத் தொடங்கிய நாளிலிருந்து நான் பதறாமல் உட்கார்ந்திருந்த பிற்பகல் அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஸ்கூட்டரோடு வாய்க்காலுக்குள் இறங்கிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துச் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் மட்டுதான். கிடைக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோழி உட்கார்ந்த வாளி

எங்கள் ஊர் சுரக்குடி, திருநள்ளாற்றுப் பக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது 'ரெட் அலர்ட்'.

அந்தப் பெயர் வந்தது சில வருடங்களுக்கு முன், ஒரு பொல்லாத கோடையில். பத்து நாளாக அனல் காற்று. அறுத்த வயலில் நெல்தாள் முறுகிக் கிடந்தது. சாலையோரப் புல், யாராவது பீடித் துண்டை வீச மாட்டார்களா என்று காத்திருந்தது. வெப்பம் கூடும், தீ விபத்துக்கு வாய்ப்பு, கவனம் என்று போன் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குச் சொன்னால் போதாதா? வீட்டு வைக்கோல் போருக்குக் காவலாக நான்கு வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பழைய சினிமாக் கொட்டகையில் தொங்குமே, அதே மாதிரி மணல் நிரப்பி வரிசையாக வைத்தேன். ஒரே வாரத்தில் மூன்றாவது வாளியில் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

"தீப்பிடிச்சா மொதல்ல கோழிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாளியத் தூக்குங்க" என்றாள் என் மனைவி வசந்தா.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், தென்னைகளுக்குப் பின்னால் வானம் சிவந்தது. புகை எழுந்தது. பொறி பறந்தது. நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, ஊர், தெரு, கிழக்கு, மேற்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

எதிர்முனையில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலயா சார்?"

"ஆமாங்க! சீக்கிரம்!"

"எங்க வண்டி அங்கதான் சார் நிக்குது. இன்னைக்குத் தீமிதி. நீங்களும் போங்க, சாமி கும்பிடலாம்."

குண்டத்துக்கு விறகு அடுக்கிக் கொளுத்தியிருந்தார்கள். விறகு உபயம் என்று எழுதி வைத்திருந்த பலகையில் என் பெயரும் இருந்தது.

மறுநாள் கடைத்தெருவில் என்னை மறித்துக்கொண்டு நின்றார் தனம் அக்கா.

"என்னா ரெட் அலர்ட்டுத் தம்பி, அம்மனுக்கே தண்ணி ஊத்தி அணைக்கப் பாத்தீங்களாமே?"

அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

தனம் அக்கா எனக்குச் சொந்தமில்லை, ஊர் முறைக்கு அக்கா. அறுபதை நெருங்கும் வயது. வசந்தாவின் தம்பி செல்வம், நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுகிறவன். அவன் வயலில் பஞ்சு எடுக்க வரும் ஏழு பெண்களில் அக்காதான் முன்வரிசை. புடவைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடியாகக் கட்டிய பழைய வேட்டி. இரண்டு கையும் இரண்டு தனி ஆட்கள் மாதிரி வேலை செய்யும். வாய் மூன்றாவது ஆள்.

போன் அதிராத வருடம்

ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறேன். உண்மையான பதிலை இதுவரை வசந்தாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கடல் எழுந்து உள்ளே வந்த வருடம் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நல்ல வெயில், தெளிந்த வானம், விடுமுறை நாள். கடலோரத்துப் பட்டினச்சேரியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் ஒருவன் இருந்தான். அதற்கு முந்தைய வாரம் மார்க்கெட்டில் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழம வாடா, கொடுவா மீன் வாங்கித் தரேன்" என்றான். சோம்பலில் நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

முன்னால் சொல்ல ஒரு வழி வந்த பிறகு, அது சொல்வதை ஒன்று விடாமல் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன். சத்தமாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

ஒரு மேகம், நான்கு செய்தி

காரைக்காலின் பெயர் வெளியூர்க்காரர்கள் காதில் தினமும் விழுவது வானிலை அறிக்கையில்தான். தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் என்று மூன்றாவதாக, ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியை அழைப்பது போல எங்களையும் கூப்பிடுவார்கள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். புதுச்சேரிக்குப் போவதென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கோ, செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் நேரத்தில் போய்விடலாம்.

மேகம் அந்தப் பக்கத்திலிருந்துதானே வரும்? அதனால் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்கால் என்று நான்கு ஊர் எச்சரிக்கையும் என் போனுக்கு வரும்படி செய்து வைத்திருந்தேன். ஒரே மேகத்துக்கு நான்கு முறை அதிரும். நான்கு முறையும் நான் அனுப்புவேன். ஊர்க்காரர்களுக்கு ஒரு மழை நான்கு மழையாகத் தெரிந்ததில் அவர்கள் தப்பு எதுவுமில்லை.

நான் சொல்லும் பிற்பகலுக்கு முந்தைய வாரம் மயிலாடுதுறைக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. இடி, மின்னல், திறந்த வெளியில் நிற்க வேண்டாம். நான் அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல் செல்வத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் ஏழு பேரையும் வயலிலிருந்து கிளப்பினான்.

அன்று முழுக்க வானம் புளி போட்டுத் தேய்த்த தாம்பாளம் மாதிரி இருந்தது. வெடித்து நின்ற பஞ்செல்லாம் அனல் காற்றில் உதிர்ந்து மண்ணில் புரண்டது.

சாயங்காலம் செல்வம் வீட்டுக்கு வந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அத்தான், அது எந்த ஊருக்குப் போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க. மயிலாடுதுறைக்குச் சொன்னதக் கேட்டு எங்களக் கிளப்பி வுட்டுட்டீங்களே."

"மேகத்துக்குச் செக்போஸ்ட் இருக்கா மாப்ள?"

"மேகத்துக்கு இல்லத்தான். என் பொறுமைக்கு இருக்கு. பாதி பஞ்சு மண்ணுல கெடக்கு, வந்து பாருங்க."

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "இனிமே காரைக்கால்னு பேரு போட்டிருந்தா மட்டும் அனுப்புங்க. இல்லாட்டி அந்தப் போனக் கோழி வாளியில புதைங்க."

சரி என்று வசந்தாவின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் தனம் அக்காவும் மற்ற பெண்களும் என்னைப் பார்த்து வானத்தை அண்ணாந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி நடித்துக் காட்டினார்கள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற எனக்கு அந்தச் சிரிப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

பதிவேட்டின் அடியில்

அந்தப் பிற்பகல் வந்த செய்தியில் பக்கத்து மாவட்டத்தின் பெயர்தான் இருந்தது. செல்வத்தின் வயலிலிருந்து அந்த எல்லை கூப்பிடு தூரம். காரைக்கால் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. இரண்டாம் முறையும் படித்தேன். இல்லை.

விரல் பழக்கத்தில் அனுப்பும் இடத்துக்குப் போனது. பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்தது. கவிழ்த்து வைத்துவிட்டு, மாற்றுச் சான்றிதழ்களில் முத்திரை குத்த ஆரம்பித்தேன். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆள் திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் வயலில் நடந்ததைச் செல்வம் பிறகு சொன்னான்.

வழக்கமாக உச்சி வெயிலுக்கு முன் பஞ்சு எடுப்பதை முடித்துவிடுவார்கள். அந்த வாரச் சூட்டில் காயெல்லாம் ஒரே சமயத்தில் வெடித்துவிட்டதால் அன்று சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறார்கள். காற்று செத்துப்போயிற்று. மேற்கே மை கொட்டியது போல இருண்டது. தூரத்தில் உருளும் சத்தம். ஒரு பொட்டு மழை இல்லை.

வரப்பில் ஓர் ஒற்றைப் பனை. அதன் காலடியில் எடுத்த பஞ்சை அடைத்த சாக்கு. ஒருவேளை தூறினால் நனையுமே என்று அதைத் தார்ப்பாய்க்கு அடியில் இழுத்துப் போடத் தனம் அக்கா போயிருக்கிறார். பனைக்குப் பத்தடி தூரம் இருக்கும்போது வெளிச்சம் வந்தது. சத்தம் கேட்டதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பகல் வெளிச்சத்திலேயே பனையின் தலை தீவட்டி மாதிரி எரிந்தது. காய்ந்த மட்டைகள் எரிந்தபடி விழுந்தன. வரப்புப் புல் பற்றிக்கொண்டது. அங்கிருந்து சாக்குக்குப் போனது. பஞ்சு எரியும்போது சத்தமே வராது என்று செல்வம் சொன்னான். அவன் அக்காவை இழுத்துக்கொண்டு வர, மற்ற பெண்கள் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் வெறும் சாக்குகளை நனைத்து நெருப்பை அடித்திருக்கிறார்கள்.

பிறகு மழை வந்தது. எல்லாவற்றையும் அணைத்தது. பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் எல்லாரும் ஓடியிருப்பார்கள்.

இரண்டு செருப்பு

செல்வத்தின் போன் வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தினார். "செருப்பக் கழட்டிட்டு வாங்க சார்." சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். ஒன்று என்னுடையது. மற்றது எங்கள் தலைமையாசிரியையுடையது, குதிகால் உயர்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறேன்.

நர்ஸ் சிரிக்கவில்லை. நான் அப்படி இருந்திருக்கிறேன்.

அக்காவுக்கு மூச்சு இருந்தது. நினைவு இல்லை. இடது காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் உறைந்திருந்தது. சட்டையின் மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு, வெள்ளையாக, எதுவும் ஆகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நடைபாதையில் செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் அவனிடம் சொன்னேன், செய்தி வந்தது, அனுப்பவில்லை என்று.

அவன் தன் கையைப் பார்த்தான். கை முழுக்கக் கரி.

"அனுப்பியிருந்தா மட்டும் போயிருப்பமா அத்தான்? மழை வருதுன்னா இன்னும் வேகமா எடுப்போமே தவிர எழுந்து போவமா? வுடுங்க."

ஆறுதலாகத்தான் சொன்னான். நானும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவன் எழுந்து போன பிறகு போனை எடுத்தேன். செய்தி அப்படியே இருந்தது. அழித்துவிட்டால் அது வரவே இல்லை என்று ஆகிவிடும் என்று தோன்றியது. அழிக்கவில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. கை நடுக்கத்தில் சரியான இடத்தில் அழுத்த முடியவில்லை. பதற்றம் என்னை ஒரு பாவத்திலிருந்து காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

பிளாஸ்டிக் நாற்காலியில்

அக்கா பிழைத்துக்கொண்டார். இடது காது போய்விட்டது. இடது கை இருக்கிறது, தூக்குகிறது, ஆனால் விரல்கள் எதையும் பிடிப்பதில்லை.

அவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஆடி பிறக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் வேடிக்கையாக நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ டம்ளரை வலது கை பிடித்திருக்க, இடது கை அதற்குச் சும்மா முட்டுக் கொடுத்திருந்தது. தயார் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க தம்பி. அந்தக் காது கேக்காது."

வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினேன். அக்கா மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். நேரத்தையும் படித்தார்.

"வந்துருக்கு."

"வந்துச்சுக்கா."

"ஏன் அனுப்பல?"

"காரைக்கால்னு பேரு இல்ல. அப்புறம்... சிரிப்பீங்கன்னு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். வைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"செல்வம் ஒண்ணு ஒங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான். அன்னைக்கு மேக்க இருட்டுனதும் போயிடலாமான்னுதான் கேட்டான். நான்தான் வேணாம்னேன். ரெட் அலர்ட்டே சும்மா இருக்கு, நமக்கென்னாடின்னேன். எல்லாரும் சிரிச்சாளுவோ. மறுபடி குனிஞ்சிட்டோம்."

இத்தனை வருடமாக என்னை யாரும் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் சும்மா இருந்ததையும் கேட்டிருக்கிறார்கள்.

"நாங்க சிரிப்போம். சிரிச்சிட்டுப் போறோம். அதுல ஒங்களுக்கு என்னா கொறஞ்சு போவுது?"

"தப்புதான்க்கா."

"தப்புன்னு என் கையி வந்துருமா?" குரலை உயர்த்தவில்லை. தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "இனிமே போன்ல அனுப்பற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. அது வந்தாலும் எனக்குக் கேக்காது. நேர்ல வந்து சொல்லுங்க."

இந்தக் கோடை

இந்தக் கோடையில் வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்கிறார்கள். காய்ந்த இடங்களில் தீ கவனம் என்கிறார்கள். பிற்பகல்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலோடு மழை என்கிறார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பனை மட்டும் சொல்லும், தலையில்லாமல் வரப்பில் நின்றுகொண்டு.

என் தற்செயல் விடுப்பெல்லாம் மேகங்களுக்கே போகிறது. "இன்னைக்கு என்ன காரணம்?" என்று தலைமையாசிரியை கேட்கிறார். "மேற்கால கறுக்குது மேடம்" என்கிறேன். தன் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

தனம் அக்கா இப்போது பஞ்சு எடுப்பதில்லை. அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டார். ஆனால் அக்கா தினமும் வயலுக்கு வருகிறார். வரப்பில் உட்கார்ந்து ஏழு பேருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கிறார். கழுத்தில் ஒரு விசில். எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஓய்வு பெற்றபோது விட்டுப்போனது. நான் ஸ்கூட்டரை நிறுத்தி ஓடி வருவதைப் பார்த்ததும் அக்கா எதுவும் கேட்பதில்லை, ஊதிவிடுவார். எந்த மாவட்டம் என்று செல்வமும் கேட்பதில்லை. மடிப் பஞ்சோடு எல்லாரும் சாலையோர அங்கன்வாடிக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

போன வாரமும் அப்படித்தான். திருவாரூருக்குச் செய்தி வந்தது. நான் ஓடினேன். அக்கா விசில் ஊதினார். ஏழு பெண்களும் யானையும் அணிலும் வரைந்த சுவர்களுக்கு நடுவில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா வலது காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போயிற்று. இன்னும் அரை மணி. மேகம் எங்கள் தலைக்கு மேலாகவே நடந்து கடலுக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை. வெளியே வெயில், முன்னைவிட மோசமாக.

ஒரு பெண் எழுந்து வாசலில் நின்று, உள்ளங்கையை நீட்டி, இல்லாத மழையைப் பிடித்து முகத்தில் தெளித்துக்கொண்டாள்.

"எப்பா, என்னா மழை! ரெட் அலர்ட்டண்ணே, கொடை இருந்தா குடுங்களேன், வீடு போய்ச் சேரணும்!"

கட்டடமே அதிர்ந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று எண்ணினேன். ஏழு சிரிப்பு.

அக்கா பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டி, "என்னாடி சொன்னா?" என்று கேட்டார். அவள் குனிந்து வலது காதில் மறுபடி சொன்னாள். நான் காத்திருந்தேன்.

எட்டாவது சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.